ஐம்பதுக்கு ஒன்று

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஏதென்ஸ் செய்தியைச் சொன்னாய். "ரெண்டு வருஷம்பா. அங்க ஒரு பேங்க்குக்கு சாப்ட்வேர் மாத்திக் குடுக்கிற வேலை. பொங்கல் முடிஞ்சதும் கெளம்பணும்." உன் அம்மா அங்கே குளிருமா என்று கேட்டாள். நான் பேப்பரில் படித்திருந்ததை வைத்து, அந்த நாடு கடனில் முழுகிக்கொண்டிருக்கிறதாமே, கணக்கையே குறைத்துக் காட்டியிருக்கிறார்களாமே என்றேன். நீ சிரித்தாய். "அது தனி நாட்டுக் காசு இல்லபா. பதினாறு நாட்டுக்கும் ஒரே காசு. பின்னாடி ஜெர்மனி நிக்குது. ஒண்ணும் ஆவாது." அப்புறம் கை கழுவ எழுந்தவன், அம்மா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "ஆனா ஆபீஸ்ல ஒரு பேச்சு இருக்குது. அந்த ஊர் பேங்க்ல காசு வச்சிக்காதீங்கன்னு. என் சம்பளத்த இங்கயே போடச் சொல்லிட்டேன்."

இந்த இரண்டு பேச்சையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகாது என்பதை நம்பிய ஒருவர் சொல்லக் கேட்டேன். காசை வெளியே எடுத்துவிடு என்பதை விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்தேன். நீ புறப்பட்டுப் போன பிறகு நான்கு நாட்களாக இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி மார்கழிப் பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே விழித்துக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சம்பாதித்துச் சின்ன காஞ்சிபுரத்தில் வீடு கட்டினார் என்பது உனக்குத் தெரிந்த கதை. நீயே உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தேன். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த சென்னைக்காரர் ஒருவர், நான் விரிக்கிற விதத்தையும் பேசுகிற விதத்தையும் அரைநாள் பார்த்துவிட்டு, தன்னிடம் வருகிறாயா என்று கேட்டார். கட்டம் போட்ட பருத்தித் துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறவர். பெனின் என்ற சின்ன நாட்டில் கொட்டொனூ என்ற துறைமுக ஊரில் அவருக்குக் கடை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு நான் விமானம் ஏறியபோது உனக்கு ஆறு வயது. நீ அழவில்லை. விமானத்தில் சாப்பாடு போடுவார்களா என்றுதான் கேட்டாய்.

அங்கே நான் தங்கியது மதாம் அதெல் என்ற அம்மாவின் வீட்டில், முன்பக்கத்து அறையில். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. ஒரே மகள் பிரான்சில் மார்செய் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். எனக்கு பிரெஞ்சு கடையில் வாயால் வந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாதான். பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வந்ததும் என்னை உட்கார வைப்பார். முதல் வருஷம் எனக்கு மலேரியா வந்து எட்டு நாள் படுத்துக் கிடந்தபோது, அரிசியைக் குழைய வேக வைத்து, உப்புப் போட்டு, அவர் கையால் ஊட்டினார். உன் போட்டோவைப் பார்த்து, காது பெரிதாக இருக்கிறது, பெரிய ஆளாக வருவான் என்றார். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சில். நம் பேச்சில்தான் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஊரில் நான் போய் இறங்குவதற்குச் சற்று முன்புதான் அரசாங்க வங்கிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூடியிருந்தன. அரசாங்கமே அவற்றிலிருந்து கடன் வாங்கித் தின்று தீர்த்திருந்தது. வாத்தியார்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. மதாம் அதெல் ஆயுசுக்கும் சேர்த்ததெல்லாம் ஒரு வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் பல நாட்கள் நின்று பார்த்தார், பின்னால் தவணையில் கொஞ்சம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் வங்கிப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்த நாட்டு நோட்டின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை துளியும் குறையவில்லை. அது பெனினுக்கு மட்டும் சொந்தமான நோட்டு இல்லை. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பொதுவான பிராங்க். அதில் ஐம்பது கொடுத்தால் பிரான்சு நாட்டு பிராங்க் ஒன்று. பிரான்சு பின்னால் நிற்கிறது. "பேங்க்க மனுசங்க நடத்துறாங்க, மனுசங்க திருடுவாங்க. இது அப்டி இல்லபா. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே ஐம்பதுக்கு ஒண்ணு. இவங்க எவ்ளோ கடன் வாங்கினாலும் இது மாறாது" என்பார்.

மகள் வருஷத்துக்கு ஒருமுறை யாரிடமாவது பிரெஞ்சு நோட்டுகள் கொடுத்தனுப்புவாள். அந்த அம்மா அவற்றைச் செலவழிக்காமல் துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தார். மார்செய்க்குப் போய் மகளோடு கடைசிக் காலத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் தானே தொடையில் ஊசி போட்டுக்கொள்வார். அந்த மருந்து பிரான்சிலிருந்துதான் வரும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், முதலாளி கடைக்கு வந்திருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கையில எவ்ளோ வச்சிருக்கிற?"

"மூணு வருஷமா சேத்து வச்சதுங்க. எல்லாம் இங்கத்து நோட்டுதான்."

"எல்லாத்தையும் பிரான்சு காசா மாத்திடு. பேங்க்ல போய் நிக்காத, தர மாட்டான். எங்கயாவது கையில கெடச்சா வாங்கிக்க. இவனுங்க கடன் கட்ட முடியாம கெடக்கிறானுங்க. பிரான்ஸுக்காரன் எத்தினி நாளுதான் தாங்கிக்கினு இருப்பான்? இந்த நோட்டோட மதிப்ப பாதியா ஆக்கப் போறான். நான் முடிஞ்ச வரைக்கும் வெளிய எடுத்துட்டேன்."

"எப்பங்க?"

"பொங்கலுக்குள்ள ஆனாலும் ஆச்சரியம் இல்ல. யார்கிட்டயும் சொல்லாத."

அந்தச் சமயத்தில் இங்கே வீடு பாதியில் நின்றிருந்தது. சுவர் எழும்பி, கூரை போடாமல், நீயும் அம்மாவும் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் இருந்தீர்கள். அம்மா எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுவான் என்று மிரட்டுகிறான், தளம் போடப் பணம் அனுப்பு, மழையில் புள்ள நனையறான் என்று. இதை நான் நியாயமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் என்ன ஓடியது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கடையிலிருந்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் டாக்சியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வரும் வழியெல்லாம் அந்த நோட்டுகள் எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முதலாளி சொல்லி முடிக்கும்போதே எனக்கு ஒரே ஒரு இடம்தான் தெரிந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. பாடம் முடிந்ததும் கேட்டேன். ஊரில் வீட்டுக்குத் தளம் போட வேண்டும், பிள்ளை மழையில் நனைகிறான், முதலாளி பாரிஸ் வழியாகச் சென்னைக்குப் போகிறார், இந்த நோட்டை வெளிநாட்டில் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள், உங்களிடம் இருக்கிற பிரெஞ்சு நோட்டுகளைக் கொடுத்தால் பதிலுக்கு என் நோட்டுகளைத் தருகிறேன் என்றேன். எல்லாமே உண்மை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஐம்பதுக்குப் பதிலாக ஐம்பத்திரண்டு கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று சேர்த்துச் சொன்னேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகப்பட்டுவிட்டார் என்றே நினைத்தேன். "எதுக்கு ரெண்டு அதிகமா? என்கிட்டயே வியாபாரம் பண்றியா நீ? ஐம்பதுன்னா ஐம்பது. உம் புள்ள மழையில நனையறான்னு சொல்ற, அதுல நான் லாபம் பாக்கவா?" என்றார். எழுந்து உள்ளே போய்த் துணி மூட்டையைப் பிரித்து எடுத்து வந்தார். நான் என் நோட்டுகளைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை அவர். நான் எண்ணிப் பார்த்தேன்.

முதலாளி புது வருஷம் பிறந்ததும் கிளம்பினார். பத்து நாள்கூட ஆகவில்லை. போகிக்கு முந்தின நாள் அது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாலைவனப் பக்கத்திலிருந்து புழுதிக் காற்று அடித்து ஊரே மங்கலாகக் கிடந்தது. முந்தின ராத்திரி ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இனி ஐம்பதுக்கு ஒன்று இல்லை, நூறுக்கு ஒன்று. எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே நாளில். ஏரிக்கரைப் பெரிய சந்தையில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. திறந்தவர்கள் என்ன விலை சொல்வது என்று தெரியாமல் சரக்கின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடை மூன்று நாள் மூடியே இருந்தது. திறந்தபோது வெளிநாட்டு மருந்து எல்லாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

செய்தி வந்த மறுநாள் காலை மதாம் அதெல் என் அறைக் கதவைத் தட்டினார். திறக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். திறந்தேன். அவர் கண்ணில் கோபம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பாவம்பா. மூணு வருஷம் கஷ்டப்பட்டுச் சேத்தியே. மீதி எவ்ளோ இந்த நோட்டுல மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார்.

அங்கே நான் சொல்லியிருக்கலாம். கண்ணா, என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமான சந்தர்ப்பம் வேறு எப்போதும் வந்ததில்லை. "நெறைய மாட்டிக்கிச்சு, மதாம்" என்றேன். அவர் என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை அவர் ஊசி போட்டுக்கொள்வதைக் கதவுப் பக்கமாகப் பார்த்தேன். மருந்தைப் பாதி அளவுதான் இழுத்தார். கேட்டதற்கு, "பாதி போட்டா ரெண்டு மடங்கு நாளு வரும் இல்ல? காசு பாதி ஆச்சு, மருந்தும் பாதி" என்று சிரித்தார். கணக்கு வாத்தியார் அவர். பங்குனிக்குள் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. துணி கட்டிக்கொண்டு நடந்தார்.

பணம் எல்லாம் முதலாளி கையில் ஊருக்குப் போய்விட்டது, திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. கொஞ்சம் பிரெஞ்சு நோட்டுகளை நான் அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்தேன். உன் அம்மாவுக்கு ஒரு சங்கிலி வாங்கலாம் என்று. அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டே, பெட்டியையும் பூட்டி வைத்திருந்தேன். இதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் எழுதிவிடலாம்.

இறக்குமதி விலை ஏறியதால் முதலாளி கடையை மூடினார். நான் கிளம்பும்போது மதாம் அதெல் சமையல் செய்து, என்னைச் சாப்பிட வைத்து, வாசல் வரை நொண்டிக்கொண்டே வந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் கடையில் என்னோடு இருந்த ஆள் எழுதினான். அந்த அம்மாவின் காலை எடுத்துவிட்டார்களாம், அதற்குப் பிறகு ஒரு மாதம் இருந்தாராம். கடிதம் வந்தபோது நம் வீட்டுத் தளத்தின் கீழே உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. நீ நனையவில்லை.

உன் அம்மாவிடம் இதை ஒரே ஒருமுறை சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "அந்தம்மாவுக்கு அப்டி ஆவும்னு நீயா கண்ட? நமக்கு வேற வழி இருந்துச்சா?" என்றாள். புடைத்த அரிசியைப் பானையில் கொட்டிக்கொண்டே, "இத புள்ளகிட்ட மட்டும் சொல்லிடாத. சொன்னா இந்த வூட்ல அவன் எப்டி தூங்குவான்?" என்றாள். இத்தனை வருஷம் அவள் சொன்னபடி இருந்தேன். இப்போது அவள் அடுப்படியிலிருந்து, இன்னும் என்னதான் எழுதிக்கினு இருக்கிற என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். புள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுகிறேன் என்றேன்.

உனக்கு ஒன்பதாம் வகுப்பு ஆண்டு ஞாபகம் இருக்கும். கொட்டொனூவிலிருந்து கொண்டு வந்ததில் மிச்சம் இருந்ததை அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டேன். அப்போது தெருவுக்குத் தெரு அப்படிக் கம்பெனிகள் இருந்தன, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ் பிடித்து வந்து அந்தப் பூட்டிய ஆபீஸ் வாசலில் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்கூலிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு நீ கேட்டாய்: "நம்ம காச யாருபா எடுத்துக்கினாங்க?" ஓனர் ஓடிவிட்டான் என்று கூட்டத்தில் கத்தினார்கள். முன்கூட்டியே தெரிந்தவர்கள் வந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், அவர்களில் நம்மைப் போல வீடு கட்டுகிறவன், பிள்ளை வைத்திருக்கிறவன் இருப்பான், அவன் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நீ அந்த வங்கிக்கு உள்ளேயே உட்காரப் போகிறாய். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது உன் கண் முன்னால் ஓடும். நாடு கடனைக் கட்ட முடியாமல் நிற்கும்போது, காசு பதினாறு பேருக்குப் பொதுவாக இருப்பதால் தனியாக அதைக் குறைக்கவும் முடியாது. அப்போது சம்பளத்தைக் குறைப்பார்கள், பென்ஷனைக் குறைப்பார்கள், ஆஸ்பத்திரியில் மருந்தைக் குறைப்பார்கள். மருந்துக்கடை வாசலில் கடைசியாக வந்து நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். இதற்கு நான் என்ன புத்தி சொல்ல? போகாதே என்று சொன்னால் உன் இடத்தில் வேறொருவன் போவான். தெரிந்ததை வெளியே சொல் என்றால் உன் வேலை போகும், சொன்னதால் வங்கிக்குக் கூட்டம் வந்து நாலு நாள் முன்னாலேயே அது மூடப்படும். சொல்லாமல் இருந்தால் நான் ஆவாய். பதினைந்து வருஷமாக யோசித்தும் இதற்கு நடுவில் ஒரு வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. என் பிள்ளை நான் செய்ததைச் செய்ய மாட்டான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் சம்பளத்தைப் பற்றி நீ குரலைத் தாழ்த்திச் சொன்ன விதம் அதை எழுத விடவில்லை. நீ தப்பாக எதுவும் செய்யவில்லை, கண்ணா. நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் செய்திருக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். மதாம் அதெல் இறந்து ஏழெட்டு மாதம் கழித்து, மார்செய்யிலிருந்து அவர் மகளின் கடிதம் வந்தது. பழைய முதலாளி விலாசத்துக்கு வந்து அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மாவை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், ஒவ்வொரு கடிதத்திலும் உங்களைப் பற்றியும் உங்கள் மகனைப் பற்றியும் எழுதுவார், உங்களுக்கு நன்றி என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு கேள்வி. அம்மா மார்செய்க்கு வருவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பிரெஞ்சு நோட்டுகள் வீட்டில் எங்கேயும் இல்லை, மருந்துக்குப் பணமில்லை என்று அம்மா எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை, அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். எனக்கு உதவி செய்ததை அந்த அம்மா மகளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் தபால் ஆபீஸில் ஒரு வெளிநாட்டுக் கடிதத்தாள் வாங்கி, அங்கேயே கோந்து ஒட்டிய மேஜையில் நின்றுகொண்டு, உங்கள் அம்மாவை மறக்க மாட்டேன் என்று எழுதினேன். அந்தப் பணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அந்த அம்மா சொல்லிக்கொடுத்த மொழியில் நான் எழுதிய கடைசி வாக்கியம் அதுதான்.

அப்பா